ஸ்ரீ நம்பர் கார்களுக்கு எந்தக் கட்டவுட் பெட்டி? மூன்று வகை ரெகுலேற்றர்கள், திருகோணமலை உப்புக் காற்றில்

திருகோணமலையில் இன்னும் ஓடித் திரிகிற, நம்பர் பிளேட்டில் ‘ஸ்ரீ’ எழுத்துள்ள பழைய மொரிஸ் மைனரோ, ஒஸ்டின் கேம்பிரிட்ஜோ, ஹில்மன் மிங்ஸோ சார்ஜ் ஏறவில்லை என்று கராஜுக்கு வந்தால் முதல் பழி, டைனமோ பற்றரிக்குக் கொடுப்பதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரான கட்டவுட் பெட்டிக்குத்தான். அதைக் கழற்றி, பார்வைக்கு அதே மாதிரி இன்னொன்றை வாங்கிப் பூட்டுவார்கள். கொஞ்ச நாளில் அதுவும் கருகும். பிறகு "இப்ப வாற சாமான் ஒன்றும் சரியில்லை" என்று கதை முடிந்துவிடும். சாமானில் குறை இருப்பதும் உண்டுதான். ஆனால் கருகிய பெட்டிகளில் கணிசமானவை நல்ல பெட்டிகள்; தப்பான டைனமோவுக்குக் கட்டிவைக்கப்பட்டவை. மூடி ஒன்று, ஸ்குரூ ஓட்டை ஒன்று என்பதற்காக உள்ளே சுற்றிய கொயிலும் ஒன்றாகிவிடாது.

இன்றைக்கு வாங்கக் கிடைப்பவை மூன்று வகை. பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளிலும் கழித்துப் போட்ட கார்களிலும் அகப்படும் பழைய அசல் லூக்காஸ் பெட்டி ஒன்று. அதே உருவத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் புது நகல் இன்னொன்று. பழைய மூடிக்குள் எலெக்ட்ரோனிக் போர்ட் வைத்து வருவது மூன்றாவது. எது நல்லது என்று கேட்பதற்கு முன், காரில் இருக்கும் டைனமோ எது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் கடைக்குப் போவது காசுக்குப் பிடித்த கேடு.

டைனமோவில் தொடங்குங்கள்

காரின் மொடலை வைத்து டைனமோவை ஊகிக்க வேண்டாம். அறுபது வருடம் ஓடிய காரில் டைனமோ எத்தனை கை மாறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. டைனமோவின் இரும்பு உடம்பில் மொடலும், எண்ணும், செய்த மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பெயின்ற் அடித்திருந்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். சி39பிவி2 என்றால் 19 அம்பியர். சி40-1 என்றால் 22. சி40எல் 25. சி42 என்றால் 30. நம்மூர் பிரிட்டிஷ் கார்களில் கண்ணில் படுவது பெரும்பாலும் முதல் இரண்டும்தான்.

எழுத்து அழிந்திருந்தால் மீற்றர் சொல்லும். டைனமோவின் ‘எஃப்’ (ஃபீல்ட்) முனையிலுள்ள வயரைக் கழற்றிவிட்டு, அந்த முனைக்கும் டைனமோ உடம்புக்கும் இடையே ஓம் பாருங்கள். சுமார் 6 ஓம் வந்தால் சி39 அல்லது சி40 குடும்பம். 4.5 ஓம் பக்கம் வந்தால் சி42. மலிவு மீற்றரில் இரண்டு ஊசியையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.4, 0.5 காட்டும், அதைக் கழித்துக்கொள்ளாவிட்டால் கணக்குப் பிழைக்கும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஃபீல்ட் கொயில், அதாவது டைனமோவுக்குள் காந்தத்தை உண்டாக்கும் கொயில், அறுந்திருக்கிறது. 2, 3 என்று இறங்கினால் கொயில் உள்ளுக்குள் சோர்ட். அந்த டைனமோவில் எந்தப் புதுப் பெட்டியையும் பூட்டக் கூடாது, பெட்டிக்குள் திறந்து மூடும் பொயின்ற் நிமிடக் கணக்கில் எரியும்.

ஓம் சரியாக இருந்தால் டைனமோ வேலை செய்கிறதா என்று தனியே பாருங்கள். ‘டி’ (டைனமோவின் கரண்ட் வெளியே வரும் முனை), ‘எஃப்’ இரண்டு வயரையும் டைனமோவிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயரால் சேர்த்துக் கட்டி, அதற்கும் உடம்புக்கும் இடையே வோல்ற் மீற்றரை வையுங்கள். எஞ்சினை ஐட்லில் எடுத்து மெல்ல ஏற்றினால் முள் தடுமாறாமல் சட்டென்று ஏற வேண்டும். 20 வோல்ற் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். இன்னும் எவ்வளவு போகும் என்று பார்க்க அக்சிலேற்றரை மிதிப்பது வேண்டாத வேலை. ஒரு வோல்ற் அளவிலேயே நின்றால் ஃபீல்ட் பக்கம் கோளாறு. 4, 5 வோல்ற்றில் நின்றால் ஆமேச்சரில், அதாவது உள்ளே சுழலும் பகுதியில், கோளாறு. ஒன்றுமே வராவிட்டால் முதலில் பிரஷ்ஷைப் பாருங்கள்: சி40இல் பிரஷ் 7 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்தால் ஸ்பிரிங் அதை ஆமேச்சர் நுனியிலுள்ள செம்பு வளையமான கொமியூட்டேற்றரில் அழுத்தாது. உள்ளே மூன்றாவது பிரஷ் ஒன்று இருந்தால் அது இன்னும் பழைய தலைமுறை டைனமோ, இங்கே பேசும் பெட்டி எதுவும் அதற்கு ஆகாது.

ஃபீல்டின் மறுமுனை எங்கே?

இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் ஃபோக்ஸ்வாகன் பீற்றில் காரின் பெட்டி மொரிஸுக்கும், மொரிஸ் பெட்டி பீற்றிலுக்கும் போகிறது. லூக்காஸ் டைனமோவில் ஃபீல்ட் கொயிலின் ஒரு முனை உள்ளேயே உடம்போடு ஏர்த் ஆகியிருக்கும். ரெகுலேற்றர் ‘டி’யிலிருந்து கரண்டை எடுத்து ‘எஃப்’ வழியாகக் கொடுக்கும். வோல்ற் கூடினால் கொடுப்பதைக் குறைக்கும். ஃபோக்ஸ்வாகனில் வரும் பொஷ் டைனமோ நேர்மாறு. அங்கே ஃபீல்டின் ஒரு முனை உள்ளே ‘டி+’ ஓடு சேர்ந்திருக்கும். ‘டிஎஃப்’ என்ற மறுமுனையை ரெகுலேற்றர்தான் ஏர்த்துக்கு இழுக்கும்.

ஆகவே பொஷ் பெட்டியை லூக்காஸுக்குக் கட்டினால் ஃபீல்டின் இரண்டு முனையும் ஏர்த்திலேயே நிற்கும், சார்ஜ் துளியும் வராது. லூக்காஸ் பெட்டியை பொஷ்ஷுக்குக் கட்டினாலும் இரண்டு முனையும் ‘டி’யிலேயே நிற்கும், அதுவும் சார்ஜ் தராது. பிறகு யாராவது வயரை மாற்றி மாற்றித் தொட்டு, ‘டிஎஃப்’ஐ நேராக ஏர்த்தில் கட்டி "இப்ப சார்ஜ் வருது" என்பார்கள். வரும்தான். கட்டுப்பாடே இல்லாமல் வரும். அன்றைக்கே பல்புகள் போகும், பற்றரியின் தண்ணீர் கொதிக்கும். பீற்றிலுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஏற்றுமதி மொடல்கள் 1967 வரிசையில்தான் 12 வோல்ற்றுக்கு மாறின. அதற்கு முந்தியது 6 வோல்ற். வாங்கும்போது பெட்டியில் வோல்ற் எழுதியிருப்பதையும் பாருங்கள்.

இரண்டு கொயிலா, மூன்று கொயிலா

லூக்காஸ் பெட்டியின் மூடியைத் திறந்தால் இரண்டு கொயில் இருந்தால் அது ஆர்.பி.106 வகை. ஒன்று ரெகுலேற்றர், மற்றது பற்றரிக் கரண்ட் திரும்பி டைனமோவுக்குள் ஓடாமல் தடுக்கும் கட்டவுட். மூன்று கொயில் இருந்தால் ஆர்.பி.340 அல்லது ஆர்.பி.310; இதில் கரண்டுக்கென்று தனி ரெகுலேற்றர் ஒன்று கூட.

இரண்டு கொயில் பெட்டியில் கரண்டுக்குத் தனிக் காவலாளி கிடையாது. ரெகுலேற்றர் கொயிலின் மேல் சுற்றியிருக்கும் தடித்த சீரிஸ் சுற்றுதான் அந்த வேலையைச் செய்கிறது: கரண்ட் கூடக் கூட வோல்ற்றைத் தாழ்த்தி டைனமோவைக் காப்பாற்றும். பற்றரிக்குப் போவது ‘ஏ’ முனையில். லைற், இக்னிஷன் முதலிய லோடுகள் ‘ஏ1’ முனையில். ‘ஏ1’இல் போகும் கரண்ட் கூடுதல் சுற்றுகளைக் கடந்து போவதால் அதற்குத் தாழ்த்துவதும் கூட. இதைக் கவனிக்காமல் ஸ்பொட் லைற், ரேடியோ, ஃபான் எல்லாவற்றையும் நேரே பற்றரி முனையில் பிடிக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. அப்படிப் பிடித்த லோடு ரெகுலேற்றரின் கண்ணில் முழுதாகப் படாது. டைனமோ தாங்குவதற்கு மேல் உழைக்கும். ஆமேச்சர் சூடேறி, கொமியூட்டேற்றரில் வைத்த ஈயம் உருகி, சுழலும் வேகத்தில் உடம்பின் உட்புறமெல்லாம் தெறிக்கும். டைனமோவைக் கழற்றும்போது உள்ளே சிறு சிறு வெள்ளி மணிகள் ஒட்டியிருந்தால் நடந்தது இதுதான்.

ஆர்.பி.106 இருந்த காரில் ஆர்.பி.340 பூட்டலாம். ‘ஏ’, ‘ஏ1’ இரண்டு வயரும் அதன் இரண்டு ‘பி’ முனைகளுக்குப் போகும். அவை உள்ளே ஒன்றுதான். மற்றவை பெயருக்குப் பெயர். மறுபக்கமாக, ஆர்.பி.340க்கு வயர் பண்ணிய காரில் ஆர்.பி.106 பூட்டுவதானால், பற்றரி வயரும் லோடு வயரும் எங்கும் சேராமல் பிரிந்து வருகின்றனவா என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும். சேர்ந்திருந்தால் ‘ஏ1’ பெயருக்குத்தான்.

அம்பியர் பொருத்தம் மூன்று கொயில் பெட்டியில் இன்னும் கண்டிப்பு. 30 அம்பியருக்குச் செட் பண்ணிய பெட்டியை 22 அம்பியர் டைனமோவில் கட்டி, இறங்கிப்போன பற்றரியோடு ஹபரணைப் பக்கம் ஓடினால், அந்த முழு நேரமும் பெட்டி டைனமோவிடம் 30 கேட்டுக்கொண்டே இருக்கும். ஊர் திரும்புவதற்குள் ஆமேச்சர் வார்னிஷ் மணக்கும். மறுதலையாக 22 அம்பியர்ப் பெட்டியை சி42இல் கட்டினால் டைனமோவுக்கு ஆபத்தில்லை, 8 அம்பியர் வீண். ஆனால் பெட்டிக்கு ஆபத்து உண்டு. சி42இன் 4.5 ஓம் ஃபீல்ட் 13.5 வோல்ற்றில் 3 அம்பியர் இழுக்கும். சி40இன் 6 ஓம் 2¼ அம்பியர்தான். அந்தப் பொயின்ற்றுகளும், அவற்றுக்குக் குறுக்கே இருக்கும் றெசிஸ்ற்றரும் சின்னக் கரண்டுக்காகச் செய்தவை. சி40 பெட்டிகளில் அந்த றெசிஸ்ற்றர் சுமார் 60 ஓம், சி42க்கானதில் சுமார் 40. மாறிப் பூட்டினால் பொயின்ற் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் நீலப் பொறி பறக்கும்.

பழைய அசல் பெட்டி

நேர்மையாகச் சொன்னால், நல்ல நிலையில் கிடைத்த அசல் லூக்காஸ் பெட்டிக்கு இன்னும் போட்டி இல்லை. சுற்றுகள் கனம், இணைப்புகள் உறுதி, ஸ்பிரிங் தகடு சூட்டுக்கேற்பத் தானே வோல்ற்றைக் குறைக்கும். பற்றரியின் பொசிற்றிவ் முனை காரின் உடம்போடு சேர்ந்திருந்தாலும் (பொசிற்றிவ் ஏர்த்), நெகற்றிவ் முனை சேர்ந்திருந்தாலும் (நெகற்றிவ் ஏர்த்) அதற்குக் கவலையில்லை.

சிக்கல், நல்ல நிலையில் கிடைப்பதுதான். கடையில் வாங்கும்போது மூடியைத் திறந்து பார்க்க விடாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள். கொயிலின் பருத்தி உறையோ வார்னிஷோ கறுத்திருந்தால் விட்டுவிடுங்கள். ரெகுலேற்றர் பொயின்ற்றுகளுக்கு இடையே ஒரு கடதாசித் துண்டைச் செருகி, ‘டி’க்கும் ‘எஃப்’க்கும் இடையே ஓம் பாருங்கள். 60 பக்கம் ஏதாவது காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் பின்புறத்து றெசிஸ்ற்றர் அறுந்துவிட்டது. கடற்கரையோடு நின்ற கார்களின் பெட்டிகளில் இது அடிக்கடி. கடதாசியை எடுத்தால் பூச்சியத்துக்கு வர வேண்டும். 5, 10 என்று நின்றால் பொயின்ற் அழுக்கு.

அழுக்கை எடுப்பதற்கும் முறை உண்டு. ரெகுலேற்றர் பொயின்ற்றுகள் கடினமானவை. அவற்றுக்கு மெல்லிய காபொரண்டம் கல் அல்லது சிலிக்கன் காபைட் தாள். கட்டவுட் பொயின்ற் வெள்ளி. அதற்கு மெல்லிய கண்ணாடித் தாள் மட்டும். எமரித் தாள் இரண்டுக்கும் கூடாது, அதன் துகள் வெள்ளியில் புதைந்து நின்று கரண்டை மறிக்கும். முடிந்ததும் மெதிலேற்றட் ஸ்பிரிட் தொட்ட துணியை இடையே இழுத்து எடுங்கள்.

புது நகல்

பளபளப்புக்குக் குறைவில்லை, விலையும் மலிவு. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பூட்டுகிற சாமான் இது அல்ல. அசலில் உறுதியாகப் பிடித்திருக்கும் இடங்களில் பல நகல்களில் வெறும் றிவெற் மட்டும் அடித்திருக்கும். புதிதில் ஒன்றும் தெரியாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஒரு வாடைக்காலம் நின்றால் றிவெற்றுக்கும் தகட்டுக்கும் இடையே பச்சை பூத்து, அந்த இடமே ஒரு றெசிஸ்ற்றர் ஆகிவிடும்.

இதற்கு மருந்து, பூட்டுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். பெட்டியைத் திருப்பி, அடிப்பக்கத்து றிவெற் தலைகளையும் அவை பிடிக்கும் பித்தளைத் தகடுகளையும் கத்தி முனையால் பளிச்சென்று சுரண்டி, றொசின் ஃபிளக்ஸோடு 60 வொற்றுக்குக் குறையாத சூட்டுக்கோலால் ஈயம் ஓடவிடுங்கள். அசிட் ஃபிளக்ஸ் வேண்டாம்; அது கடல் காற்றை விட வேகமாகத் தின்னும். ஆறிய பின் கழுவி, அடிப்பக்கத்துக்கு மட்டும் ஒரு பூச்சு வார்னிஷ். பூட்டி முடிந்ததும் 10 அம்பியர் அளவு ஓடும்போது ‘டி’க்கும் ‘ஏ’க்கும் இடையே வோல்ற் பாருங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் விழுந்தால் ஏதோ ஓரிடம் சரியாகப் பிடிக்கவில்லை.

இரண்டாவது குறை செற்றிங். தொழிற்சாலையில் செட் பண்ணியது என்று கடதாசியில் இருக்கும். மீற்றர் வேறு சொல்லும். மூன்றாவது, அம்பியர் எண்ணோ மொடல் எண்ணோ இல்லாமல், "லூக்காஸ் டைனமோ எல்லாவற்றுக்கும்" என்று விற்பது. அப்படி ஒரு பெட்டி இருக்க முடியாது. அதைச் சொல்லி விற்பவரிடம் றெசிஸ்ற்றர் எத்தனை ஓம் என்று கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

ஈயம் வைக்கத் தெரிந்த, மீற்றர் பிடிக்கத் தெரிந்த வயரிங் பாஸ் (மெக்கானிக்) கையில் இருந்தால் நகல் பரவாயில்லை. இல்லாவிட்டால் வேண்டாம்.

எலெக்ட்ரோனிக் பெட்டி

வெளியே பழைய ஆர்.பி.106 அல்லது ஆர்.பி.340 மூடி. உள்ளே கொயிலுக்குப் பதிலாக ஒரு சின்ன போர்ட், நல்லதாக இருந்தால் ரெசினுக்குள் முழுதாக மூடி ஊற்றியது. இந்த ரெசின்தான் திருகோணமலைக்கு முக்கியம். பொயின்ற் இல்லை, துரு இல்லை, பச்சை இல்லை. வோல்ற் 14.2 பக்கம் அசையாமல் நிற்கும். இப்போது எல்லோரும் பூட்டுகிற மெயின்ரனன்ஸ் ஃபிறீ பற்றரிக்கு இதுதான் சுகம்.

ஆனால் மூன்று கேள்விக்குப் பதில் இல்லாமல் வாங்கக் கூடாது. முதலாவது, எந்த ஏர்த்? பழைய பெட்டியைப் போல இது இரண்டுக்கும் ஆகாது. பொசிற்றிவ் ஏர்த் காரில் நெகற்றிவ் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் திருப்பினால் ஆயுள் ஒரு கணம்தான், உத்தரவாதமும் செல்லாது. இரண்டாவது, கரண்ட் லிமிற் உண்டா, எத்தனை அம்பியர்? வோல்ற்றை மட்டும் பார்க்கிற மலிவுப் பெட்டிகள் உண்டு. பற்றரி இறங்கிய அன்று அவை டைனமோவைக் கொன்றுவிடும். சி39க்கு 19ஐத் தாண்டாதது, சி40-1க்கு 22. மூன்றாவது, சூடு எங்கே போகிறது? கட்டவுட்டுக்குப் பதிலாக டயோட் வைத்த போர்டில் 22 அம்பியர் ஓடும்போது, டயோட்டில் விழுவது அரை வோல்ற் என்றாலும் 11 வொற் சூடு உள்ளே பிறக்கும். கச்சான் அடிக்கிற நாளில் பொனெற்றுக்குள் ஏற்கெனவே அடுப்பு. உலோக அடித்தட்டு, எஞ்சின் அறையின் பின்சுவரான ஃபயர்வோல் தகட்டோடு நேரே ஒட்டி நிற்க வேண்டும். இடையே ரப்பர் வாஷர் வைத்தால் சூடு வெளியேற வழியில்லை.

பழுது வந்தால் திருத்த முடியாது என்பது உண்மையான குறை. கழற்றிய பழைய பெட்டியை டிக்கியில் போட்டு வையுங்கள். வழியில் நின்றால் அதைப் பூட்டி வீடு வந்து சேரலாம்.

செட் பண்ணுவது

பாஸ்மார் பலர் இடறும் இடம் இது. ஆர்.பி.106/2 பெட்டியில் லோடு எதுவும் இல்லாமல் பார்க்கும் வோல்ற் 16 பக்கம் இருக்கத்தான் வேண்டும்: 20 பாகையில் 16.0 முதல் 16.6, 30 பாகையில் 15.9 முதல் 16.5, 40 பாகையில் 15.8 முதல் 16.4. லோடு ஏறியதும் சீரிஸ் சுற்று அதைத் தானே 14 பக்கம் இறக்கிவிடும். 16ஐக் கண்டு பயந்து 14.2க்கு முறுக்கி இறக்கினால், ஓடும்போது பற்றரிக்கு 13 கூடப் போகாது. "புதுப் பெட்டி போட்டும் காலையில் ஸ்டார்ட் இல்லை" என்பதன் பின்னால் பல தடவை இந்த முறுக்குத்தான். ஆர்.பி.340க்குக் கணக்கு வேறு, ஏனென்றால் கரண்டுக்கு அங்கே தனிக் கொயில் இருக்கிறது: டைனமோ நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலும்போது, 20 பாகையில் 14.7 முதல் 15.3, 30 பாகையில் 14.5 முதல் 15.1.

இங்கே விடிகாலையில்கூட 20 பாகை வராது. காலையில், எஞ்சினும் பெட்டியும் ஆறியிருக்கும்போது, 30 பாகைக்கான கணக்கை எடுங்கள். மெயின்ரனன்ஸ் ஃபிறீ பற்றரியானால் அதன் கீழ் எல்லை. ஆர்.பி.106இல் ‘ஏ’, ‘ஏ1’ வயர் இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்து ஒன்றோடொன்று சேர்த்து, ரேப் சுற்றிவிடுங்கள்; அதில் ஃபியூஸ் இல்லாத பற்றரிக் கரண்ட் நிற்கிறது, உடம்பில் பட்டால் வயர் உருகும். மீற்றரை ‘டி’க்கும் ‘ஈ’ (ஏர்த்) முனைக்கும் இடையே கொடுங்கள். முள் மீற்றர் உத்தமம். பொயின்ற் அதிர்வில் டிஜிற்றல் இலக்கங்கள் ஓடிக்கொண்டே இருக்கும், எதை நம்புவது என்று தெரியாது. எஞ்சினை மெல்ல ஏற்றுங்கள். முள் ஏறி, ஒரு துடிப்புத் துடித்து, நிற்கும். அந்த இடம்தான் செற்றிங். அரை அக்சிலேற்றருக்கு மேல் போகாதீர்கள்.

கூடக் குறைய இருந்தால் லொக் நட்டைத் தளர்த்தி ஸ்குரூவை வலம் சுற்றினால் ஏறும், இடம் சுற்றினால் இறங்கும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கும் குறைவாக. முழு வேலையும் 30 விநாடிக்குள் முடிய வேண்டும், இல்லாவிட்டால் கொயில் சூடேறி வாசிப்பு நழுவும். முடியவில்லையா, எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு மறுபடி. ஆர்.பி.340இல் ஸ்குரூ இல்லை, பல் வைத்த சக்கரம். அதற்குரிய சாவி இல்லாமல் குறட்டால் திருகினால் பல் உடையும். கட்டவுட் கொயில் 12.7 முதல் 13.3 வோல்ற்றுக்குள் பொயின்ற்றைச் சேர்க்க வேண்டும். ஆர்.பி.106இல் வோல்ற் இறங்கும்போது 11 முதல் 8.5க்குள் பொயின்ற்றைப் பிரிக்க வேண்டும்.

சாவியை எடுத்த பிறகும் சிவப்பு லைற் எரிந்துகொண்டிருந்தால் கட்டவுட் பொயின்ற் ஒட்டிவிட்டது. யோசிக்காமல் பற்றரி வயரைக் கழற்றுங்கள். ஐட்லில் மட்டும் சிவப்பு மினுங்குவது பழுது அல்ல. டைனமோ அந்தச் சுற்றில் சார்ஜ் தராது, அதன் பிறவிக் குணம்.

ஏர்த்தும் உப்பும்

‘ஈ’ முனையை யாரும் மதிப்பதில்லை. ரெகுலேற்றர் கொயில் வோல்ற்றை அளப்பது ‘டி’க்கும் ‘ஈ’க்கும் இடையே. ‘ஈ’ வயர் துருப்பிடித்துத் தளர்ந்தால் கொயிலுக்குக் கிடைக்கும் வோல்ற் குறைகிறது, பொயின்ற் திறக்காது, டைனமோ முழு வீச்சில் ஓடும். ஹெட் லைற் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற கார்களில், பெட்டியைச் சந்தேகிக்கும் முன் ‘ஈ’யைப் பாருங்கள். புதுப் பெயின்ற் அடித்து இறக்கிய காரில் இது இன்னும் நிச்சயம். ஃபயர்வோலில் பெயின்ற்றைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வசலின் தடவுங்கள். கூடவே ‘ஈ’யிலிருந்து எஞ்சின் புளொக்குக்குத் தனியாக ஒரு வயர் ஓட்டினால் இன்னும் நல்லது. வசலின் வெளி முனைகளுக்கு மட்டும், மூடிக்குள் ஒரு சொட்டும் கூடாது. மூடியின் அடியிலுள்ள ரப்பர் காய்ந்திருந்தால் சைக்கிள் ரியூப் வெட்டி வைக்கலாம்.

டைனமோவின் பின் புஷ்ஷில் எண்ணெய் விட ஒரு சிறு துளை உண்டு. 30ஆம் நம்பர் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். கூட விட்டால் கொமியூட்டேற்றருக்கு வழிந்து, பிரஷ் தூளோடு சேர்ந்து கறுப்புச் சேறாகும். பெல்ற் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும்.

எதை வாங்குவது

வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கூட்டல். இரவில் மழையோடு கந்தளாயிலிருந்து வருகிறீர்கள்: பழைய வகை ஹெட் லைற் டிம்மில் 7 அம்பியர், பார்க், பின் லைற் 2, இக்னிஷன் 4, வைப்பர் 3. மொத்தம் 16. சி39இன் 19 போதும், பற்றரிக்கும் கொஞ்சம் மிஞ்சும். அதே காரில் 55 வொற் ஹலஜனும் மின் ஃபானும் பூட்டினால் 25ஐத் தாண்டும். எந்தப் பெட்டியாலும் டைனமோவில் இல்லாததைக் கொடுக்க முடியாது. எல்ஈடி பல்புக்கு மாறுங்கள், அல்லது ஒல்ரனேற்றர்.

நெகற்றிவ் ஏர்த்துக்கு மாறிய, தினமும் ஓடுகிற மைனருக்கோ கேம்பிரிட்ஜுக்கோ ரெசின் ஊற்றிய எலெக்ட்ரோனிக் பெட்டி, கரண்ட் லிமிற்றோடு. பொசிற்றிவ் ஏர்த்திலேயே வைத்திருக்கும், கல்யாணத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் எடுக்கிற காருக்கு சுத்தம் பண்ணிய அசல் பெட்டி. அது அகப்படாவிட்டால் மட்டும் ஈயம் வைத்த நகல். சி42 வைத்த பெரிய காருக்கு நகலை நினைக்கவே வேண்டாம், 30 அம்பியர் என்று குறித்த அசல் ஆர்.பி.340 அகப்படும்வரை பொறுங்கள். பீற்றிலுக்கு பொஷ் வகை மட்டும், வோல்ற்றையும் அம்பியரையும் பார்த்து.

ஏர்த் பக்கம் மாற்றினாலோ, டைனமோவைப் பிரித்துப் பூட்டினாலோ, லூக்காஸ் டைனமோவுக்குத் திசை காட்டிவிட வேண்டும். ‘எஃப்’ வயரை டைனமோவிலிருந்து கழற்றி, பற்றரியின் ஏர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை அந்த வெற்று ‘எஃப்’ முனையில் இரண்டு மூன்று தடவை தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், போதும். எலெக்ட்ரோனிக் பெட்டி பூட்டிய காரில் ‘டி’ வயரையும் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.